ஸ்டார்ட் ஆகாத லாரிக்கு என்ன வயசு?

ஒரு பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் அபார்ட்மென்ட் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் லாரி. ராத்திரி கடைசி லோடை இறக்கிவிட்டு டிரைவர் அங்கேயே படுத்துவிட்டார். காலையில் சாவியைத் திருப்பினால் உர்... உர்... என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை. உள்ளே நாலு கார் மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது. அப்போது ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து ஒரு குரல் வரும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சில சமயம் அந்தக் குரல் உங்களுடையதாகவே இருந்திருக்கும். "இந்த ஓட்டை வண்டியை எல்லாம் எதுக்கு சார் ரோட்டுல விடறாங்க? எந்தக் காலத்து வண்டி இது?"

மெக்கானிக் வருகிறார். அவரும் ஒரு கேள்வி கேட்கிறார். ஆனால் அது "எந்தக் காலத்து வண்டி?" அல்ல. "செல்ஃப் அடிக்குதா?"

பால்கனிக்காரர் கேட்டது வயது. மெக்கானிக் கேட்டது வியாதி. இந்த நாட்டில் லாரிகளைப் பற்றிச் சட்டம் போடுகிறவர்கள் பால்கனியில் நின்றுகொண்டு போடுகிறார்கள் என்பதுதான் என் புகார். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களைக் கொஞ்ச நேரம் அந்த மெக்கானிக் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டியிருக்கிறது. கையில் கிரீஸ் ஒட்டாது, பயப்படாதீர்கள்.

"செல்ஃப் அடிக்குதா?" என்றால், இன்ஜினை முதலில் சுற்றிவிடும் அந்த மின்சார மோட்டார் வேலை செய்கிறதா என்று அர்த்தம். இந்த ஒரு கேள்வியிலேயே பிரச்னை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. சுற்றவே இல்லை என்றால் கரன்ட் சமாசாரம். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் சமாசாரம், அல்லது காற்று.

கரன்ட் என்றால் மெக்கானிக் மீட்டரைக்கூடத் தேட மாட்டார். ஹெட்லைட்டைப் போடச் சொல்வார். போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பு என்பார். லைட் பொசுக்கென்று மொத்தமாக அணைந்தால், எங்கோ இணைப்பு லூஸ், அல்லது பேட்டரி செத்துவிட்டது. லைட் மங்கி, மோட்டார் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரியில் தெம்பில்லை. லைட் ஜம்மென்று எரிந்துகொண்டே இருக்கிறது, மோட்டாரிடம் சத்தமே இல்லை என்றால் கரன்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சாவி ஸ்விட்ச், அதிலிருந்து போகிற ஒயர், சாலினாய்டு என்று வரிசையாகத் தேட வேண்டும். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அந்தப் பெட்டி சேஸிஸ் ஓரமாக, சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் தொங்குகிறது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். கொஞ்சம் சுடுதண்ணீர், ஒரு கம்பி பிரஷ், ஒரு ஸ்பேனர். பாதி கேஸ் இத்தோடு முடிகிறது. முடியவில்லை என்றால் இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டையைப் பார்ப்பார்கள். அது துருவேறி அறுந்து தொங்கும்போது புதுப் பேட்டரி வாங்கி மாட்டிய முதலாளிகள் உண்டு. புதுப் பேட்டரியிலும் வண்டி எடுக்காது. உடனே "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்பார்கள்.

சரி, செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது. வண்டி பிடிக்கவில்லை. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. 1890களில் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் கண்டுபிடித்ததன் சூட்சுமமே அதுதான். காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அது தானாகவே கொதித்துப் போகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, ஒரு பழைய டீசல் இன்ஜின் கேட்பது இரண்டே இரண்டு: நெருக்கிய காற்று, சரியான நேரத்தில் டீசல். மெக்கானிக் ஒரு பையனைப் பின்னால் அனுப்பி சைலன்ஸரைப் பார்க்கச் சொல்வார். செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை.

வெள்ளைப் புகை கெட்ட செய்தியாக இருக்கலாம். கம்ப்ரஷன் இல்லை, ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று போகும். நல்ல மெக்கானிக் அதைக் கடைசியில்தான் சொல்வார். முதலிலேயே சொல்கிற மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு நீங்கள் கிளம்பிவிடலாம்.

புகை இல்லை என்றால் தேடல் டேங்கிலிருந்து தொடங்கும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. மூடி தொலைந்துபோய், பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் போட்டு இறுக்கியிருக்கிறார் டிரைவர். காற்று உள்ளே போகாமல் டீசல் எப்படி வெளியே வரும்? ஃபில்டர் அடைத்திருக்கலாம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பழைய லாரியில் இன்ஜினை நிறுத்த ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் கேபிள் வழியாகப் பம்ப்பில் ஒரு லீவர் நகர்ந்து டீசலை நிறுத்தும். அந்தக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் அங்கேயே மாட்டிக்கொண்டால், உள்ளே கைப்பிடி சரியாகவே தெரியும், வெளியே லீவர் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும். நாள் முழுக்க செல்ஃப் அடித்தாலும் வண்டி பிடிக்காது. பேட்டரிதான் சாகும். வைத்தியம், விரலால் ஒரு தட்டு, நாலு சொட்டு ஆயில்.

ஆனால் பழைய லாரியின் ராஜ வியாதி இவை எதுவும் இல்லை. ஏர் லாக். டீசல் பைப்பில் காற்று புகுந்துவிடுவது.

வட சென்னையில் ஒரு பட்டறை ஓரம் நின்று நான் கேட்ட உரையாடல் இது. டிரைவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மெக்கானிக்குக்கு அறுபதை ஒட்டி.

"பாய், ஓடுறப்போ குதிரை மாதிரி ஓடுது பாய். நைட்டு நிறுத்துனா காலைல எடுக்க மாட்டேங்குது. இன்ஜின் போச்சுன்னு ஓனர் சொல்றாரு."

"ஓனர் பாத்தாரா?"

"இல்ல பாய், போன்ல சொன்னாரு."

"போன்லயே இன்ஜினைப் பாத்துட்டாரா? பெரிய ஆளுதான். நீ கட்டையைப் போடு தம்பி."

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டபிறகு பெரியவர் செய்தது இதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு வருகிற பைப்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். எங்கேயும் ஈரமில்லை. ஒழுகவில்லையே என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் ஒழுகாதாம். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை பம்ப் இழுத்துச் சமாளித்துவிடும். ராத்திரி நின்றதும் காற்று புகுந்து, பைப்பிலிருக்கிற டீசல் மெல்ல மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே போய்விடும். காலையில் பைப் முழுக்கக் காற்று. காற்றை நெருக்கலாம், ஆனால் அதை வைத்து நாசிலைத் திறக்கும் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. 'ராத்திரி நின்றால் காலையில் எடுக்காது' என்ற வாக்கியத்திலேயே பெரியவருக்கு நோய் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் ஊர்ஜிதம் செய்வதுதான்.

ஒரு போல்ட்டைக் கழற்றினார். இரண்டு பக்கமும் இரண்டு காப்பர் வாஷர். ஒன்றில் நகம் பதிந்தது போல ஒரு கீறல். புது வாஷர் போட்டார். ஃபில்டர் மேல் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் அமுக்குகிற பிரைமரைக் கட்டைவிரலால் தட்டத் தட்ட, முதலில் நுரை வந்தது, அப்புறம் நுரையும் டீசலும், அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல். ஸ்க்ரூவை இறுக்கினார். நாசிலுக்குப் போகிற பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொன்னார். எட்டிப் பார்க்கப் போன என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுமாம். நட்டுகளை இறுக்கியபின் இன்னொரு முறை சாவி. பிடித்தது.

போனிலேயே பரலோகம் அனுப்பப்பட்ட அந்த இன்ஜினுக்கு ஆன செலவு, கூலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு டீ விலைகூட இல்லை.

இதை நெகிழ்ச்சிக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாப் பழைய லாரியும் வாஷரில் பிழைத்துவிடாது. பிரேக் பிடிக்காத, சேஸிஸ் விரிசல் விட்ட, ஸ்டியரிங் ஆடுகிற வண்டிகள் உண்டு. அவற்றை உடைக்கத்தான் வேண்டும். எஃப்.சி. காட்டுவதற்காக ஒரு நாளைக்கு நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, சான்றிதழ் வாங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட்டு மொட்டை டயரில் போகிற முதலாளிகளைப் பற்றிக் கேள்விப்படாத பட்டறை தமிழ்நாட்டில் இல்லை. அதைக் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றியும்தான். அவர்களுக்காக நான் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: எது உடைக்க வேண்டிய வண்டி, எது வாஷர் மாற்ற வேண்டிய வண்டி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பார்க்காமல் சொல்லாதீர்கள்.

இப்போது பால்கனிக்குப் போவோம்.

2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கையைப் பிரதமர் தொடங்கி வைத்தார். பத்தாயிரம் கோடி ரூபாய் முதலீடு வரும் என்றார்கள். கொள்கையைக் காகிதத்தில் படித்தால் குறை சொல்ல முடியாது. வயதாகிவிட்டது என்பதற்காகத் தனியார் லாரியை உடை என்று அது சொல்லவில்லை. தானியங்கிச் சோதனை நிலையத்தில் பரிசோதனை செய், தேறாவிட்டால் உடை என்கிறது. நியாயம்தானே?

அடுத்து கட்டணத்தைப் பாருங்கள். 2021 அக்டோபரில் வந்த அறிவிக்கை, 15 வயது தாண்டிய கனரக லாரிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க 12,500 ரூபாய் என்றது. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கை 20 வயது தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய் என்றது. எட்டு வயதுக்கு மேற்பட்ட லாரி வருடாவருடம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அதே பரிசோதனைதான். அதே பிரேக் ரோலர், அதே புகைக் கருவி, அதே ஹெட்லைட் சோதனை. வயதான வண்டியைச் சோதித்தால் மெஷினுக்கு அதிகக் கரன்ட் செலவாகிறதா? இல்லை. இது சோதனைக்கு வாங்கும் கட்டணமே இல்லை. "நீ ஏன் இன்னும் சாகலை?" என்று கேட்டு விதிக்கிற அபராதம். தேறினாலும் கட்ட வேண்டும், தேறாவிட்டாலும் கட்ட வேண்டும்.

நான் படித்தது பி.காம். அதனால் இதை இன்னொரு கணக்கிலும் பார்க்கிறேன். வாடகைக்கு ஓடுகிற லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருடம் 30 சதவீதம் தேய்மானம் கழிப்பது நெடுங்காலமாக இருக்கிற விதி. பத்து லட்சத்துக்கு வாங்கிய லாரி, முதல் வருட முடிவில் ஏழு லட்சம். ஐந்தாம் வருடம் 1,68,070 ரூபாய். பத்தாம் வருடம் 28,248. பதினைந்தாம் வருடம் 4,748. இருபதாம் வருட முடிவில் பேரேட்டில் அந்த லாரியின் மதிப்பு 798 ரூபாய். ஆம், முழு லாரியும்தான். 798 ரூபாய் சொத்தைப் பரிசோதிக்க 25,000 ரூபாய்!

தேய்மானம் என்பது லாபத்தைச் சரியாகக் கணக்கிட ஏற்படுத்திய ஒரு வசதி. லாரியின் பிஸ்டனுக்கு அது தெரியாது. மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு டி.வி. விவாதத்துக்கு வருகிற ஆலோசகர்கள் பேரேட்டு எண்ணையே இன்ஜினின் உடல்நிலை என்று நினைத்துப் பேசுகிறார்கள். "ஆயுள் முடிந்த வாகனம்" என்று ஒரு சொல் வேறு. யாருடைய ஆயுள்? நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் போய்க் கேளுங்கள். அங்கே லாரிக்குப் பல ஆயுள். முதல் முதலாளியிடம் நீண்ட தூர லோடு. அடுத்தவரிடம் மாநிலத்துக்குள் ஓட்டம். அப்புறம் ஜல்லி, மணல். கடைசியில் டேங்கைத் தூக்கி வைத்துத் தண்ணீர் லாரி. உங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தது பெரும்பாலும் அந்த நாலாவது ஜன்மம். புது லாரி முப்பது லட்சத்துக்கு மேல் விற்கிறபோது, ஒரு டிரைவர் முதலாளி ஆவதற்கு இருக்கிற ஒரே ஏணி பழைய லாரிதான். உடைத்துவிட்டுப் புதுசு வாங்கினால் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை என்கிறது கொள்கை. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அரசாங்கம் தன் சொந்த வண்டிகளை என்ன செய்தது என்பது இன்னும் விசேஷம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் முடிந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்து. பஸ்ஸோ, ஜீப்போ, குப்பை லாரியோ, ராணுவம், காவல் பணிக்கான சில விசேஷ வண்டிகள் தவிர மற்ற எல்லாம். இங்கே பரிசோதனை என்ற பேச்சே இல்லை. பதினாலு வருடம் பதினோரு மாதம் பட்டறை பக்கமே போகாமல் நாசமான ஜீப் ஓடலாம். மாதாமாதம் ஆயில் மாற்றி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளப்பட்ட பஸ், பிறந்த நாள் கொண்டாடியதும் இரும்புக் கடைக்குப் போகும். ஒழுங்காகப் பராமரித்த டெப்போ மெக்கானிக்குக்கு அரசாங்கம் கொடுக்கிற சேதி என்ன? எதுக்குய்யா கஷ்டப்படறே?

புகை? ஆமாம், புகை. இந்தக் கேள்வியை மறைத்துவிட்டுப் பேசினால் நான் யோக்கியன் இல்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 லாரியோடு ஒப்பிட்டால், எவ்வளவு நன்றாக டியூன் செய்த பழைய லாரியும் அதிகம் நஞ்சு கக்கும். வாஷர் மாற்றினால் அது மாறாது. நெரிசலான நகரத்துக்குள் இன்ன தரத்துக்குக் கீழே உள்ள டீசல் லாரி வரக்கூடாது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு அளவுகோல் புகையா, பிறந்த தேதியா?

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். பத்து வயது தாண்டிய டீசல் வண்டி கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, அப்படிப்பட்ட வண்டிக்குப் பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் என்று திருத்தியது. பத்து வருடம் கழித்து, வயதை விட்டுவிட்டுப் புகைத் தரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன ஆயிற்று? டெல்லியில் விரட்டப்பட்ட வண்டிகள் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. டெல்லியில் கிழவன், அடுத்த ஊரில் வாலிபன். புகை அதே புகை. மூக்கு மட்டும் வேறு.

இன்னொரு சங்கடமும் பின்னாலேயே வருகிறது. 2010க்கு முந்தைய லாரிகளில் பெரும்பாலானவற்றில் டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரம். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தடவிக் குறையைக் கண்டுபிடிக்கலாம். புது லாரி சென்சார்களின் ராஜ்ஜியம். நின்றால் ஒரு எண் காட்டும். அந்த எண்ணை முழுசாகப் படிக்கவும் அழிக்கவும் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். பெரியவரின் பட்டறையில் அது இல்லை. 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதற்கு அப்பால் சட்டமாக ஒன்றும் பட்டறை வாசலுக்கு வந்து சேரவில்லை. பழைய லாரியை உடைக்கிற வேகத்தில், அதைக் கண்டறியத் தெரிந்தவரையும் சேர்த்து உடைக்கிறோம்.

25,000 ரூபாய் வாங்கியே தீருவோம் என்றால் வாங்குங்கள். ஆனால் சோதனையில் தேறிய லாரிக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள், உண்மையான செலவை மட்டும் எடுத்துக்கொண்டு. வாடகை டயர் முதலாளி தேற மாட்டான், அவன் பணம் போகட்டும். வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவன் தேறுவான், அவன் பணம் அவனுக்கு. அரசு பஸ்ஸையும் இரும்புக்குப் போடுவதற்கு முன் அதே சோதனை நிலையத்துக்கு ஒரு முறை ஓட்டிக்கொண்டு போங்கள். பெட்ரோலிய நிறுவனமோ, லாரி கம்பெனியோ, பத்திரிகைக்காரனோ சொல்வதைக் கேட்க வேண்டாம். மெஷின் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அந்த 25,000 ரூபாய்க்கு ஒரு பழைய லாரிக்கு என்னென்ன செய்யலாம் என்று பட்டறையில் கேட்டேன். இரண்டு புதுப் பேட்டரி போடலாம், டீசல் ஃபில்டர் மாற்றலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார் பெரியவர். "பிரேக்கையும் பாத்துக்கலாமே பாய்" என்றார் டிரைவர். "முதல்ல அதைத்தான் பாக்கணும் தம்பி. வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா நீ மட்டும் நிப்பே. நிக்கலேன்னா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கட்டை போடப் போய்விட்டார்.